அமைச்சர் அமுதவாணரின் முகம்

படப்பை
9.2.2003

அன்புள்ள தம்பி கோபுவுக்கு,

அக்கா சுபத்ரா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் என் மாமியார் அத்தையும் சுகமாக இருக்கிறோம். நீ சிவகாசி வெயிலில் கருவாடாகாமல் இருக்கிறாயா? மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இனி வீட்டுக்குப் போன் செய்யாதே. போனை மாமா தன் பெயிண்ட் கடைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். வீட்டில் சும்மா இருப்பவளுக்கு எதற்குப் போன் என்று கேட்டார். கடிதமே போதும்.

உன் ‘வாள்முனை’ காமிக்ஸ் ஜனவரி இதழ் வந்தது. வாள்வீரன் செங்கோடனுக்கு இவ்வளவு புஜம் எதற்கடா? அவன் எப்படித் தலை வாருவான்? பாம்புத் தலையும் மனித உடம்புமாக வரும் உன் அரவர் கூட்டத்தை அத்தை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “நாகாத்தம்மாவைப் போய் வில்லனாக்குறதா? உன் தம்பி முதுகு பூரா செதில் வெடிக்கப் போகுது பாரு” என்றார்கள். அம்மா இருந்தவரை, வருஷா வருஷம் நம் இரும்புலியூர் வீட்டுப் புற்றுக்குப் பால் ஊற்றி, அந்த மண்ணை உன் முதுகில் பூசிவிடுவேனே, அந்த முதுகுக்கா இந்த கதி என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அரவரில் ஒருவன் மனித உருவெடுத்து, அமைச்சர் அமுதவாணர் என்ற பெயரில் அரண்மனைக்குள் வந்துவிட்டான் என்கிறாய். ஆனால் முதல் கட்டத்திலேயே அவனுக்குக் கோணல் சிரிப்பும் குறுக்குப் பார்வையும் கொடுத்துவிட்டாய். இவனை நம்ப இளவரசி செவ்வந்தி என்ன முட்டாளா? ஊரே கையெடுத்துக் கும்பிடும் முகமாக இருக்க வேண்டும். குரலை உயர்த்தவே கூடாது. அப்போதுதான் பயம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சுபத்ரா

மச்சானுக்கு நல்வாழ்த்துகள். கடிதத்தில் பாதி உன் பொம்மைப் புத்தகம் பற்றித்தான். அந்தப் பகுதியை நான் படிக்கவில்லை. மற்றதெல்லாம் படித்தேன், சரியாக இருக்கிறது. – தேவானந்தம்


சிவகாசி
20.2.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நான் கருவாடாகவில்லை, ஊறுகாயாகத்தான் ஆகியிருக்கிறேன். மாமாவுக்கும் செல்லியம்மாள் அத்தைக்கும் என் வணக்கம். முதுகில் இதுவரை செதில் இல்லை என்று அத்தையிடம் சொல். ஆனால் ஒரு அரவனுக்கு முந்நூறு செதில் வீதம் வரைந்து வரைந்து விரலெல்லாம் காய்த்துவிட்டது.

நீ சொன்னதை எங்கள் ஆசிரியர் தசரதனிடம் சொன்னேன். “உங்க அக்காவைக் கதை இலாகாவில் சேர்த்துக்கலாமா?” என்று கேட்டார். அதனால் இப்போது நீதான் எனக்கு உதவ வேண்டும். மனித உருவில் இருந்தாலும் அரவர் கண்ணை இமைக்க மாட்டார்கள், பாம்புக்கு இமை இல்லை அல்லவா, அதுதான் அடையாளம் என்று கதையில் எழுதிவிட்டேன். வரைய உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. படத்தில் யார்தான் இமைக்கிறார்கள்? இமைக்காததை எப்படிக் காட்டுவது? மூன்று நாளாக மண்டை காய்கிறது. ஏதாவது வழி சொல்லேன்.

அன்புத் தம்பி
கோபு


படப்பை
8.3.2003

அன்புள்ள தம்பி கோபுவுக்கு,

இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம். எனக்கு லேசாகத் தலைவலி, இப்போது தேவலை. நீ எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா?

உன் கேள்விக்கு வழி கிடைத்தது. புகை காட்டு. அரண்மனைச் சமையல்கட்டில் மிளகாய் வறுக்கிறார்கள், நெடி ஏறுகிறது. சமையல்காரி, தோழிகள், இளவரசி, எல்லாரும் கண்ணை இறுக மூடி இருமுகிறார்கள். அமைச்சர் ஒருவர் மட்டும் வாசற்படியில் நின்று கண்ணைத் திறந்தபடி இளவரசியையே பார்க்கிறார். ஒரு கட்டம் போதும்.

இன்னொன்றும் தோன்றியது. இளவரசியைச் சிறையில் அடைத்துச் சங்கிலி போட்டிருக்கிறாய். அது வேண்டாம். சங்கிலியைப் பார்த்தால் ஊர் கேள்வி கேட்கும். தினம் காலையில் வெளியே போகும்போது அமைச்சர் அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு போய்விடட்டும். ஒரு ஜோடிதான் அவளிடம் உண்டு. நல்ல குடும்பத்துப் பெண் வெறுங்காலோடு பஸ் ஏறுவாளா? இல்லை, நீ எழுதுவது ராஜா காலத்துக் கதை, தேர் ஏறுவாளா என்று வைத்துக்கொள். ஏறினால் நாலு பேர் பார்ப்பார்கள், அவரிடம் போய்ச் சொல்வார்கள். பூட்டில்லாத வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். இதை நன்றாக யோசித்து வரை கோபு. நிதானமாக யோசி.

அக்கா
சுபத்ரா

மச்சானுக்கு, இந்த முறை முக்கால் கடிதமும் பொம்மைதான். படிக்கவில்லை. அவளுக்குப் பொழுது போகிறதே, அதுவரை சரி. – தேவானந்தம்


சிவகாசி
25.3.2003

என் அருமை அக்காவுக்கு,

நீ இரும்புலியூரில் பிறந்திருக்கவே கூடாது, எங்கள் அச்சகத்தில் பிறந்திருக்க வேண்டும். மிளகாய்ப் புகையையும் செருப்பையும் அப்படியே வரைந்துவிட்டேன். செருப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அச்சுக் கோக்கும் அண்ணாச்சி, “யாருடா இந்தப் படுபாவி?” என்று கேட்டார். அதைவிடப் பாராட்டு வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் இதழில் உங்கள் எல்லாருக்கும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஊரே கும்பிடும் முகம் வேண்டும் என்றாய் அல்லவா? நான் எப்போதும் தெரிந்த முகங்களை வைத்துத்தான் வரைவேன். உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். நம் குடும்பத்தில் மாமாவைவிட அம்சமான முகம் யாருக்கு? அமைச்சர் அமுதவாணருக்கு அதையே வைத்துவிட்டேன். நெற்றி, மீசை, புன்னகை, எல்லாம் அச்சு அசல் அவரேதான். மாமா பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அதுவரை சொல்லாதே.

மூவருக்கும் என் அன்பு.

கோபு


(கார்டு)

31.3.2003

கோபு,

இதை மீன்காரப் பாப்பா அக்கா கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். அந்த முகத்தை உடனே மாற்று. அச்சுக்குப் போயிருந்தாலும் நிறுத்து. செருப்பு வரும் பக்கத்தையும் எடுத்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சுபத்ரா


சிவகாசி
9.4.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நீ பாப்பா அக்காவிடம் கொடுத்தனுப்பிய கார்டு நேற்றுதான் வந்தது. ஏன் இப்படிப் பதறுகிறாய்? முகத்தை மாற்ற வழியில்லை. இதழ் ஒன்றாம் தேதியே கடைகளுக்குப் போய்விட்டது, தாம்பரம் ரயில் நிலையத்தில்கூடத் தொங்கும். மாமா கோபக்காரர் இல்லையே. விளையாட்டாக எடுத்துக்கொள்வார். உன் எழுத்து ஏன் அப்படிக் கிறுக்கலாக இருந்தது? காய்ச்சலா? உடனே பதில் போடு.

கோபு


படப்பை
22.4.2003

அன்பு மச்சான் கோபுவுக்கு,

தேவானந்தம் எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கு குறையொன்றும் இல்லை. அங்கு உன் உடல்நலம் எப்படி?

இனிக் கொஞ்ச காலம் நான்தான் எழுதுவேன். சுபத்ரா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. பேனா பிடிக்க முடியாது. நீ வீணாக அலைந்து வர வேண்டாம்.

உன் ஏப்ரல் இதழைக் கடைக்கு வந்த பெயிண்டர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். “சார், உங்க மச்சான் உங்களை மந்திரி ஆக்கிட்டாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரு பிரதி வாங்கி மூன்று முறை படித்தேன். பொம்மைப் புத்தகம் என்று இத்தனை நாள் நான் அலட்சியமாக இருந்தது தவறு. மிளகாய்ப் புகை நன்றாக வந்திருக்கிறது. செருப்பு அதைவிட நன்றாக வந்திருக்கிறது. அவளுடைய கடிதங்களில் நான் படிக்காமல் விட்ட பகுதிகளை இப்போது படிக்க ஆசைப்படுகிறேன். அவற்றைத் திருப்பி அனுப்பினால் மகிழ்வேன்.

உன் கடைசிக் கடிதத்தில் ஏதோ ஒரு கார்டைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அப்படி ஒன்று தெரியாது. சுபத்ராவிடம் கேட்டேன். முதலில் அவளும் தெரியாது என்றாள். பொறுமையாகத் திரும்பக் கேட்டேன், சொன்னாள்.

உன் நலம் நாடும்
தேவானந்தம்


கோவளம்
6.5.2003

மதிப்பிற்குரிய கோபு அண்ணாவுக்கு,

வணக்கம். நான் மீன் விற்கும் பாப்பாவின் மகள் வெண்ணிலா. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

தம்பி, நான் பாப்பா. நல்லா கீறியா? உங்க அக்கா நல்லா இல்ல. நீ அந்த கார்டு சமாச்சாரத்த எழுதினதுல என்னிய கேட்டுக்குள்ளயே வுடல அந்த ஆளு. முன்னல்லாம் செருப்பத்தான் எடுத்துகினு பூடுவான். இப்ப கேட்டுக்கும் பூட்டு. கம்பி வழியாத்தான் மீனு குடுக்கறேன். கட்டுப் போட்ட கையில நாலு வெரலும் நீலமா கீது. பாத்ரூம்ல வுழுந்துட்டேன்னு அது சொல்லுது. பாத்ரூம்ல வுழுந்தவளுக்குக் கழுத்துல வெரலு அச்சு எப்டி வரும்? எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?

போலீசுக்குப் போலாம்னு சொன்னேன். அந்த ஆளு ஊருல பெரிய மனுசன், நான் உள்ள கீற வரிக்கும் வோணாம்க்கா, வெளிய வந்துட்டா நானே சொல்றேன்னு சொல்லுது. கெழவி ஒண்ணும் பேசாது. ஆனா நான் வந்தா மட்டும் தண்ணி மொள்ற மாதிரி கொல்லப் பக்கம் பூடுது. ஏன் போவுதுன்னு நீயே ரோசன பண்ணிக்கோ.

உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லிச்சு. “நான் எழுதுனது கதை இல்லடா கோபு.” அவ்ளோதான். சீக்கிரம் எதுனா பண்ணு. அது தாங்காது.

இப்படிக்கு
பாப்பாவுக்காக, வெண்ணிலா


சிவகாசி
14.5.2003

பாப்பா அக்காவுக்கும் தங்கை வெண்ணிலாவுக்கும்,

கும்பிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து தூரிகையைத் தொட முடியவில்லை. அக்கா உதவி கேட்டு எழுதியிருக்கிறாள். நான் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து, அவருடைய முகத்தையும் ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அந்தக் கை உடைந்ததற்கு நான்தான் காரணம். என்னை எதால் அடித்தாலும் தகும்.

நான் வந்து கதவைத் தட்டலாம். மாமா காபி கொடுத்து உபசரிப்பார். நான் திரும்பிய பிறகு அக்கா உயிரோடு மிஞ்சுவாளா? அதனால் வர மாட்டேன். வேறு ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஆடி மாதம் வரை பொறுக்க வேண்டும். அதுவரை அக்காவைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சளில், கரை இல்லாமல், ஒரு நூல் புடவை வாங்கி வையுங்கள். உங்களுக்குத்தான். மற்ற விவரங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வெண்ணிலா அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கிழித்துவிட வேண்டும்.

கோபு


சிவகாசி
28.6.2003

வணக்கத்துக்குரிய செல்லியம்மாள் அத்தை அவர்களுக்கு,

கோபு தெண்டனிட்டு எழுதுவது. தங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? நீங்கள் அன்றைக்குச் சொன்ன சொல் பலித்துவிட்டது. என் முதுகு முழுக்கத் தடித்துச் செதில் செதிலாக உரிகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. இங்கே ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, நாகத்தைப் பழித்து வரைந்த தோஷம் என்றார். உடன்பிறந்தவள் பிறந்த வீட்டுப் புற்றுக்குப் பால் ஊற்றி மண் எடுத்துக் கொடுத்தால்தான் இது இறங்குமாம். எங்கள் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியும். நாக சதுர்த்தி அன்று பிறந்த வீட்டுப் பெண்ணும் அவள் மாமியாரும் மஞ்சள் புடவை கட்டி, முக்காடு போட்டு, புற்றை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பால் ஊற்றி முடிக்கும் வரை ஆண்பிள்ளை கிட்டே வரக்கூடாது. செருப்புப் போடாமல் போக வேண்டும்.

மாமாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். ஜூலை இதழில் அமைச்சர் அமுதவாணர் உத்தமர் என்று முடித்துவிட்டேன். அவர்மேல் பழி போட்டவன்தான் அரவன். ஆசிரியர் தசரதன், கதையைக் கெடுத்துவிட்டாய் என்று கத்துகிறார். கத்தட்டும். மாமா கேட்ட அக்காவின் பழைய கடிதங்களையும் தனியாக அனுப்பியிருந்தேன், அடுப்புக் கரி பட்டுச் சில பக்கங்கள் படிக்க முடியாமல் போயிருக்கும், அதற்கும் மன்னிக்க வேண்டும்.

அத்தை, எனக்குத் தாய் இல்லை. உங்களிடம்தான் கேட்க முடியும்.

கோபு


படப்பை
17.7.2003

அன்பு மச்சானுக்கு,

நலமே. உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டதிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம். நாக தோஷம் குடும்பத்தையே பிடிக்கும் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பெற்றவள் பட்டினி கிடப்பதைப் பார்க்க முடியாதே.

நானே வேனில் அழைத்து வருகிறேன். ஆண்பிள்ளை கிட்டே வரக்கூடாது என்றாய். வர மாட்டேன். உங்கள் வீட்டுத் தெருமுனையில் நிற்பேன். அங்கிருந்து புற்று நன்றாகத் தெரியும் என்று போன வாரமே போய்ப் பார்த்துவிட்டேன். நீ நோயாளி, பயணம் செய்யாதே. உன்னை அங்கே பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தேவானந்தம்


கோவளம்
17.8.2003

என் தம்பி கோபுவுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. மற்றபடி நலமாக இருக்கிறேன். இந்த வார்த்தையை எத்தனை கடிதத்தில் பொய்யாக எழுதியிருக்கிறேன்! இன்றைக்குத்தான் மெய்யாக எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைப் பாப்பா அக்கா உன்னிடம் போனில் கத்தியது பாதிதான் கேட்டது என்றாயாம். முழுசாகச் சொல்கிறேன். அவர் வேனைத் தெருமுனையில் நிறுத்திக் கதவில் சாய்ந்து நின்றார். நானும் அத்தையும் மஞ்சள் புடவையில், முக்காடு போட்டுப் போனோம். புற்று ஆளுயரம் வளர்ந்திருக்கிறது கோபு. சாம்பிராணி போட்டோம். புகை தெரு பக்கமாகத்தான் போனது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. ஒவ்வொரு முறை முன்பக்கம் வரும்போதும் திரும்பாமலே எனக்குத் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. மூன்றாவது சுற்றில் புற்றுக்குப் பின்னால் போனால் பாப்பா அக்கா அதே மஞ்சள் புடவையில் குந்தியிருந்தாள்.

அத்தைக்கு நீ எதுவும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் கத்தினால் தீர்ந்தது. அத்தை நின்றார்கள். பாப்பா அக்காவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த பால் செம்பை வாங்கிப் பாப்பா அக்கா கையில் கொடுத்து, “வா, ஊத்தலாம்” என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் முன்பக்கம் போனார்கள். நான் ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு ஏரிக்கரைச் சரிவில் இறங்கினேன். வெண்ணிலா ஆட்டோவோடு நின்றாள்.

அவர் கண்ணை எடுக்கவே இல்லையாம். புகை மூஞ்சியில் அடித்தும் மூடவில்லையாம். வந்தது இரண்டு மஞ்சள் புடவை, நின்றதும் இரண்டு மஞ்சள் புடவை. அரை மணி நேரம் கழித்துப் பாப்பா அக்கா முக்காட்டை எடுத்துவிட்டு, “இன்னா சார், மீனு வோணுமா?” என்று கேட்டாளாம். அந்தத் தெருவே கூடிவிட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தையை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதை நினைத்து நினைத்து நான் தூங்கவில்லை. பெற்ற தாயை ஒன்றும் செய்ய மாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். கட்டிய பெண்டாட்டியை ஒன்றும் செய்ய மாட்டார் என்றும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டவள்தானே நான்.

தாம்பரம் மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். சாட்சி யார் என்று கேட்டார்கள். பாப்பா அக்கா கேட்டுக்கு வெளியே நின்றவள், உள்ளே நடந்ததைப் பார்த்தவர் உண்டா என்றார்கள். மறுபடி வருகிறோம் என்று சொல்லித் திரும்பினோம். அவர் உன்னைத் தேடிச் சிவகாசிக்கு வந்தபோது, ஆசிரியர் தசரதன் அச்சக ஆட்களோடு வாசலில் நின்று திருப்பி அனுப்பினார் என்று எழுதியிருந்தாயே, அதே நாள்தான். நாங்கள் மறுபடி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அத்தை வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லி, படப்பையிலிருந்து பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார்கள். கொதிக்கிற தார் ரோட்டில், எழுபது வயதில், வெறுங்காலோடு.

“ஏன் அத்தை, செருப்பு எங்கே?” என்று கேட்டேன்.

“அவன் அப்பன் காலத்துலேர்ந்து எனக்கு ஏதும்மா செருப்பு?” என்றார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வைத்தார்கள்.

இத்துடன் ஒரு பொட்டலம் புற்றுமண் வைத்திருக்கிறேன். முதுகில் ஒன்றும் இல்லையென்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பூசிக்கொள். அரவரை நீ எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள், நாகாத்தம்மா கோபிக்க மாட்டாள். ஆனால் அமைச்சர் உத்தமர் என்று வரைந்ததை மட்டும் அடுத்த இதழில் மாற்றிவிடு. முகத்தை மாற்ற வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

அத்தை இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். கோவளத்து மணலில் யாரும் செருப்புப் போடுவதில்லை, பாப்பா அக்கா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். இருந்தாலும் நேற்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தோம், இரண்டு ஜோடி. அத்தை ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
சுபத்ரா